ராத்தாட மகனும் டார்க்வுட் என்ற காட்டுக் கேமும்



நீளமான போஸ்ட். நேரமில்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்து வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசியுங்கள். வீட்டில் கேம் விளையாடும் பிள்ளை இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். பிள்ளையைத் திட்டுவதற்கு முன் வாசித்தால் இன்னும் நல்லது.

போன விடுமுறை தொடங்கிய கிழமை, இரவு பத்தரை மணிக்கு எங்கட ராத்தா வீட்டுக்கு வந்தா. கையில் ஒரு பேக். பேக்குக்குள் அவட மகனுடைய லெப்டொப், சார்ஜர், மவுஸ் எல்லாம். மேசையில் வைத்துவிட்டு இருக்கவும் இல்லை, நின்றபடியே சொன்னா.

"தம்பி, இத நீ வெச்சுக்க. ராவெல்லாம் ரூம் லைட்ட நூத்துப்போட்டு பேய்க் கேம் விளையாடுறான். நேத்து ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்க எழும்பினா, ரூமுக்குள்ள யாரோ பலகையில நடக்கிற சத்தம். எங்கட வீட்டுல பலகைத் தரை எங்க இரிக்கி?"

மருமகனுக்கு 19 வயது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரைக்கும் காத்திருக்கிறான். பகலில் இரண்டு வீட்டுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறான். கெட்ட பொடியன் இல்லை. ஆனால் ராத்தாட முகத்தைப் பார்த்தால், அவன் என்னமோ பெரிய பழக்கத்துக்குள் விழுந்துவிட்ட மாதிரி. நான் "சரி, நான் பேசிப் பார்க்கிறன்" என்று சொல்லி லெப்டொப்பை அலுமாரிக்குள் வைத்தேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் மேடையில் நின்று "கேம் என்பது நேரத்தைத் தின்னும் கறையான்" என்று பேசிய ஆள் நான்தான். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் கடைசியாக விளையாடிய கேம் பழைய நோக்கியாவில் இருந்த பாம்புக் கேம். வாசிக்காத புத்தகத்துக்கு மாணவன் விமர்சனம் எழுதினால் நான் புள்ளி போடுவதில்லை. அப்படியிருக்க நான் மட்டும்?

அதனால் அடுத்த நாள் மருமகனைக் கூப்பிட்டு, "எனக்குத் திறந்து காட்டு" என்றேன். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். விடுமுறை முழுக்க நான் விளையாடினேன். முடித்தும் விட்டேன். பின்வருவது அதைப் பற்றிய என்னுடைய கருத்து.

கேமின் பெயர் டார்க்வுட். போலந்து நாட்டில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து, ஆசிட் விசார்ட் என்ற பெயரில் செய்தது. பெரிய கம்பனி இல்லை, முதலாளி இல்லை. 2013இல் இன்டர்நெட்டில் பொதுமக்களிடம் காசு திரட்டி, 2014இல் அரைகுறையாக வெளியிட்டு, விளையாடியவர்களின் குறை நிறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2017 ஆகஸ்டில் முழுதாக வெளியிட்டார்கள். இப்படிச் சின்னக் குழுக்கள் சொந்தமாகச் செய்யும் கேம்களைத்தான் பொடியன்கள் 'இண்டி' என்கிறார்கள். அவர்களுடைய முதலாவது கேமும் இதுதான்.

கதை இதுதான். கம்யூனிச ஆட்சிக் காலத்துப் போலந்து. ஒரு காடு வளர்ந்து வளர்ந்து பாதைகளை மூடிவிட்டது. உள்ளே அகப்பட்ட கிராமத்து மக்கள் வெளியே வர முடியவில்லை. ஒரு கொள்ளை நோயும் பரவுகிறது. சிலர் மனித உருவமே மாறிப் போயிருக்கிறார்கள், சிலருக்குப் புத்தி மாறியிருக்கிறது. நீங்கள் பேச்சு வராத, முகம் சிதைந்த ஒரு அந்நியன். உங்களிடம் இருந்த ஒரு திறப்பை ஒரு டொக்டர் பறித்துக்கொண்டு போய்விட்டார். வெளியே போகும் வழியைத் தேட வேண்டும். அவ்வளவுதான். இதற்கு மேல் கேம் உங்களுக்கு வாயைத் திறந்து எதுவும் சொல்லாது.

ராத்தா கேட்ட அந்தப் பலகைச் சத்தத்துக்கு வருவோம்.

இந்தக் கேமில் பகலில் காட்டுக்குள் போய்ப் பலகை, ஆணி, பெற்றோல், மருந்து, பழைய துணி என்று கிடைப்பதைப் பொறுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒரு பாழடைந்த வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாமல் வெளியே நின்றால் கதை முடிந்தது. வீட்டுக்கு வந்து ஜெனரேட்டருக்குப் பெற்றோல் ஊற்ற வேண்டும், ஜன்னலுக்குப் பலகை அடிக்க வேண்டும், அலுமாரியை இழுத்து வந்து கதவுக்கு முண்டு கொடுக்க வேண்டும். பிறகு ஒரு மூலையில் நின்று விடியும் வரை காத்திருக்க வேண்டும்.

மஃரிபுக்கு முதல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று உம்மா சொல்லி வளர்த்த எல்லோருக்கும் இந்தக் கேமின் பயம் உடனே விளங்கும். கடற்கரையில் பந்தடித்துக்கொண்டு நிற்கும்போது வானம் சிவந்துவிட்டதைத் திடீரென்று கவனித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய அந்த ஓட்டம் இருக்கிறதே, அதே ஓட்டம். திரையில் வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது நாற்பதை நெருங்கும் என் வயிற்றுக்குள் ஒரு பிசைச்சல் வந்தது.

மேலே இருந்து பார்க்கிற மாதிரி, தாயக்கட்டம் விளையாடும்போது பார்க்கிற மாதிரித்தான் படம் தெரியும். அப்படியென்றால் எல்லாம் தெரியுமே, பயம் எங்கே வரும் என்று நினைத்தேன். அங்கேதான் அந்த மூன்று பேருடைய மூளை வேலை செய்திருக்கிறது. உங்கள் ஆள் முகம் திருப்பியிருக்கும் பக்கம் மட்டும், டோர்ச் அடித்த மாதிரி ஒரு விசிறி வடிவத்துக்குள்தான் நடமாடும் எதுவும் தெரியும். முதுகுக்குப் பின்னால் மேசை தெரியும், சுவர் தெரியும், ஆனால் அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒருவன் வந்து நின்றால் தெரியாது. பின்னால் ஒரு கதவு திறந்துவிட்டது என்பதே நீங்கள் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் குருடு.

அதனால் காதுதான் கண். பலகைத் தரையில் ஒரு கிரீச். எந்த அறை? சமையலறையா, முன் அறையா? பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத ஐந்து நிமிடம்தான் இந்தக் கேமின் உயிர். பேய்ப் படங்களில் முகத்துக்கு முன்னால் எதையாவது பாய விட்டு நம்மைத் துள்ள வைப்பார்களே, அந்த வேலையை இவர்கள் செய்யவே இல்லை. செய்ய மாட்டோம் என்று சொல்லியேதான் இந்தக் கேமை விற்கிறார்கள். மருமகன் இதைச் சொன்னபோது, "அப்ப இது பயமில்லாத கேம்" என்று நினைத்துத் தொடங்கினேன். இரண்டாவது இரவில் வீட்டுக்குள் ஒரு விளக்கு அணைந்தது. ஜெனரேட்டரில் பெற்றோல் முடிந்துவிட்டது. பகலில் ஒரு கேன் கண்ணில் பட்டும் "நாளைக்கு எடுக்கலாம்" என்று விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அங்கே எனக்கு வந்தது என் மீதே வந்த கோபம். பேய் வந்து பயம் காட்டவில்லை, என் சோம்பேறித்தனம் வந்து காட்டியது.

இதைத்தான் இந்தக் கேமின் முதல் தரமான விடயமாகச் சொல்வேன். இரவு உங்களுக்கு என்ன செய்யும் என்பதில் பாதி, பகலில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில் இருக்கிறது.

பெற்றோல் கேனை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு 2022 ஞாபகம் வந்தது. மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, பெற்றோல் செட்டில் பைக்கைத் தள்ளிக்கொண்டு நின்றோமே. இன்றைக்கு எத்தனை மணித்தியாலம் விளக்கு எரிய வேண்டும், எது அவசியம், எந்த அறையை இருட்டாக விடலாம் என்ற கணக்கு நம்மட பொடியன்களுக்குப் புதுசு இல்லை. போலந்துக்காரனுக்கும் புதுசு இல்லைதான். 1980களில் அங்கே இறைச்சிக்கும் சீனிக்கும் கூப்பன். கூப்பன் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகள் வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள், நம்மட நாட்டிலும் இருந்தது.

இரண்டாவது விடயம் அதில் வரும் மனிதர்கள். ஓநாய்த் தலையோடு ஒருவன் வருகிறான். இன்னொரு இடத்தில் வயலின் வாசிக்கும், உருக்குலைந்த ஒரு பொடியன் வருகிறான். இருவருக்கும் உங்களிடம் தேவை இருக்கிறது. யாரை நம்புவது என்று கேம் சொல்லாது. நல்லவன் தலைக்கு மேல் பச்சை வட்டம், கெட்டவனுக்குச் சிவப்பு வட்டம் என்று எதுவுமில்லை. உங்கள் ஆளுக்குப் பேச்சு வராது என்பதால், கண்டெடுத்த ஒரு படத்தையோ பொருளையோ அவர்களிடம் நீட்டிக் காட்டலாம். அவர்கள் அதைப் பார்த்து ஏதோ சொல்வார்கள். அதிலிருந்து நீங்களே முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் எடுத்த முடிவுகளால் அந்தக் கிராமத்தில் யாருக்கு என்ன நடந்தது என்பதைக் கேம் கடைசியில்தான் ஒவ்வொன்றாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நான் லெப்டொப்பை மூடி வைத்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் இருந்தேன். நல்லது என்று நினைத்துச் செய்த ஒன்று எங்கே போய் முடிந்திருக்கிறது! என்னவென்று சொல்ல மாட்டேன், விளையாடப் போகிறவர்கள் ஏசுவார்கள்.

இனி நான் மருமகனோடு சண்டை பிடித்த கதை.

"இத நீ காசு குடுத்தா வாங்கின?" என்று கேட்டேன். "இல்ல மாமா, டொரண்ட்ல எடுத்த." எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று பேர் வருடக்கணக்காகப் பாடுபட்டுச் செய்ததைக் களவெடுத்துவிட்டு அதில் என்ன பெருமை என்று ஏசினேன். அவன் பொறுமையாக இருந்துவிட்டு, "மாமா, டொரண்ட்ல போட்டதே அந்த மூணு பேரும்தான்" என்றான்.

நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தேன், உண்மைதான். 2017 ஆகஸ்டில் கேம் வெளியாகி சில நாட்களிலேயே, களவுக் கோப்புகளுக்குப் பேர்போன பைரட் பே தளத்தில் அவர்களே முழுக் கேமையும் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். காரணமும் எழுதியிருக்கிறார்கள். கேமை வாங்கிய ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டு அவர்களுக்கு எழுதியிருந்தாராம். மாதக் கடைசியில் பில்களைப் பார்த்துத் தன் பெற்றோர் கவலைப்படக்கூடாது என்பதற்காகத்தான் திருப்பிக் கேட்பதாகச் சொல்லியிருந்தாராம். அது அவர்கள் மனதைத் தைத்திருக்கிறது. காசில்லாதவர்கள் இதை எடுத்து விளையாடுங்கள், பிடித்திருந்தால் பிறகு ஒரு நாள் விலை குறையும்போது வாங்குங்கள், ஆனால் குறுக்கு வழியில் கேம் இலக்கங்களை விற்கும் இடைத்தரகர்களிடம் மட்டும் வாங்காதீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

கேமின் விலை 15 டொலர் அளவில். இன்றைக்கு நம்மட காசுக்கு நாலாயிரத்துக்கு மேல் வரும். இரண்டு வீட்டில் கணிதம் சொல்லிக் கொடுக்கும் பொடியனுக்கு அது சின்னக் காசு இல்லை. காசு இருந்தாலும், வெளிநாட்டுக்குக் கட்டுவதற்குக் கார்ட் வேண்டும். இதைச் சொல்வதால் மற்ற எல்லா டொரண்டும் சரி என்று யாரும் கொமெண்ட்டில் வந்து எழுத வேண்டாம். செய்தவனே கொடுத்தது வேறு, செய்தவனுக்குத் தெரியாமல் எடுப்பது வேறு. எனக்கு உறைத்தது என்னவென்றால், அவன் ஒரு நாளும் என்னிடம் பொய் சொல்லவில்லை, நான்தான் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதினேன். மாணவர்களிடம் நான் செய்யக்கூடாது என்று சொல்வதும் அதைத்தான்.

சரி, புகழ்ந்தது போதும். இந்தக் கேம் என்னை எரிச்சலூட்டிய இடங்களும் நிறைய இருக்கின்றன. மருமகன் இந்தப் பகுதியை ஒத்துக்கொள்ள மாட்டான். பரவாயில்லை, இது என்னுடைய போஸ்ட்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதல் வருடமே மண்டையில் அடித்துச் சொல்லித் தந்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போ என்பது. இந்தக் கேம் தெரியாததிலிருந்து தெரியாததுக்குப் போகிறது. வரைபடம் தருகிறார்கள், ஆனால் அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று இல்லை. ஒரு கிணறு, ஒரு உடைந்த வண்டி என்று ஏதாவது அடையாளத்துக்குப் பக்கத்தில் போனால்தான் இடம் பிடிபடும். முதல் இரண்டு நாள் இது அருமையாக இருந்தது. காட்டில் வழி தவறினால் அப்படித்தானே இருக்கும். ஆனால் ஒரே மரக்கூட்டத்தை நாலாவது தடவையாகச் சுற்றும்போது அதில் ஒரு பயமும் இல்லை. வெறும் அலுப்பு. பயம் காட்ட வந்த கேம் ஒன்று ஆளை அலுப்படைய வைத்தால், அது அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டது என்று அர்த்தம்.

அதைவிட மோசம் பை. சின்னப் பை. பத்துச் சாமான் பொறுக்கினால் நிறைந்துவிடும். வீட்டுக்குப் போய் இறக்கிவிட்டு மறுபடி வர வேண்டும். இதில் செத்துப் போனால், கையில் இருந்ததில் ஒரு பங்கு செத்த இடத்திலேயே கிடக்கும். நீங்கள் வீட்டில் எழும்பி, திரும்பவும் அவ்வளவு தூரம் நடந்து போய்ப் பொறுக்க வேண்டும். வழியில் இன்னொரு நாய். நாயோடு சண்டை பிடிக்கக் கட்டையை ஓங்கினால், ஓங்கி முடிவதற்குள் நாய் கடித்துவிட்டுப் போய்விடும். மூச்சு வாங்கும், ஓட முடியாது. கட்டையும் இரண்டு சண்டைக்குப் பிறகு தேய்ந்து உடையும். "சாதாரண மனுசன் அப்படித்தானே மாமா சண்ட பிடிப்பான்" என்கிறான் மருமகன். சரி, முதல் நாயிடம் நான் அதை ஒத்துக்கொண்டேன். பதினைந்தாவது நாயிடம் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரவில் காட்டும் அந்தப் பொறுமையும் நுட்பமும் பகல் சண்டைகளில் இல்லை.

இரண்டாம் பாதியில் ஒரு சதுப்பு நிலம் வருகிறது. காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டும். கதையில் அந்த இடத்துக்கு நியாயம் இருக்கிறது, கேமில் அது ஒரு தண்டனை. நான் இரண்டு தடவை விட்டுவிடப் பார்த்தேன். கடைசி நன்றாக இருக்கும் என்று மருமகன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதால்தான் தாண்டினேன். அவன் சொன்னது சரி. ஆனால் அந்தக் கடைசிக்குப் போவதற்கு முன்பே எத்தனை பேர் கைவிட்டிருப்பார்கள்?

நினைத்த இடத்தில் சேமித்து வைக்கவும் முடியாது. கேம் தானாகச் சேமிக்கும். ஒரு முடிவு எடுத்துவிட்டால் எடுத்ததுதான், பின்னால் போய் மாற்றி எடுக்கும் வேலை நடக்காது. இதைக் குறையாகச் சொல்ல வந்தேன், எழுதும்போது மனம் மாறிவிட்டது. மாற்ற முடியும் என்றிருந்தால் அன்றைக்குத் திண்ணையில் போய் இருந்திருக்க மாட்டேனே. இதை மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.

நான் வாபஸ் வாங்காத குறை ஒன்று இருக்கிறது. எழுத்து. திரையில் எழுத்து சின்னதாக இருக்கிறது, இது என் கண்ணுடைய பிரச்சினை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேம் முழுக்க ஆங்கிலத்தில் பேச்சு, கடிதம், நாட்குறிப்பு. அதுவும் நேராகப் பேசாத, அரைகுறையாக, பைத்தியக்காரன் பேசுகிற மாதிரி வளைந்து வளைந்து போகும் ஆங்கிலம். ஐரோப்பிய மொழிகள் பலதிலும் இருக்கிறது, தமிழ் இல்லை. மூன்று பேர் செய்த கேமில் தமிழ் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் விளைவைப் பாருங்கள். மருமகன் முதல் தடவை விளையாடும்போது பேச்செல்லாம் தட்டித் தட்டிக் கடந்திருக்கிறான். வயலின் பொடியன் என்ன கேட்டான் என்பதே அவனுக்குத் தெரியாது. எதையோ அழுத்தி, எதையோ கொடுத்து, கடைசியில் என்ன நடந்தது என்று காட்டியபோது "யாரு இந்தாள்?" என்றானாம். இரண்டாம் தடவை நான் பக்கத்தில் இருந்து வாசித்து விளங்கப்படுத்தினேன். ஒரு கடிதத்தை வாசித்து முடித்ததும் அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்ப நான் போன முறை செஞ்சது அநியாயம் மாமா" என்றான்.

பன்னிரண்டு வருடம் வகுப்பறையில் நிற்கிறேன். ஒரு ஆங்கிலப் பந்தியை வாசித்துவிட்டு ஒரு பிள்ளை இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு சொல்லுக்குக் கருத்துத் தெரியாமல் அகராதியைத் தானாக எடுத்ததும் அன்றைக்குத்தான். இதை வைத்துக்கொண்டு கேம் விளையாடினால் ஆங்கிலம் வரும் என்று விளம்பரம் பண்ண நான் தயாரில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து வாசித்தால் வரும். தனியே விட்டால் அவன் தட்டிக்கொண்டேதான் போவான்.

இனி, நான் செய்த பிழை. இதை எழுதாமல் விட்டால் ராத்தா கொமெண்ட்டில் வந்து எழுதுவா.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகன் இருக்கிறான். நான் ஹோலில் இருந்து விளையாடினேன். அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். கேமில் இரவு, வெளியே யாரோ கதவைத் தட்டும் சத்தம். நான் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் அவன் எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. அதற்கு முதல் காட்டில் நான் பார்த்த அழுகிய பிணங்களையும், நாயை வெட்டியதையும் அவனும் பார்த்திருக்கிறான். "வாப்பா, கதவ யாரு தட்டுற?" என்று கேட்டான். மூன்று இரவு எங்களோடுதான் படுத்தான். மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே என் கருத்து இது. டார்க்வுட் வளர்ந்தவர்களுக்கான கேம். சாதாரண தரம் எழுதாத பிள்ளைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அதில் உள்ள பிணங்களை விடுங்கள், அதில் உள்ள மனிதர்களின் கசப்பைத் தாங்கும் வயது வர வேண்டும். சுகவீனமான, இரவில் தூக்கம் வராத, மனப்பாரம் உள்ள பிள்ளைக்கும் வேண்டாம். ஆனால் 19 வயதுப் பொடியன் விளையாடினால், அவன் பேய்க்கு அடிமையாகிவிட்டான் என்று லெப்டொப்பைப் பறிக்க வேண்டியதில்லை. ராத்தாவுக்கு நான் சொன்னதும் இதுதான். கூட்டங்களில் வந்து "சேர், பிள்ளை கேம் விளையாடுறான்" என்று சொல்லும் பெற்றோரிடம் இனி முதலில் கேட்கப் போவது, "என்ன கேம்? பெயர் தெரியுமா?" என்றுதான். போனில் பெட்டி திறக்கக் காசு கேட்கும் கேமும், யாரென்று தெரியாதவனோடு இரவிரவாக அரட்டை அடிக்கும் கேமும், இந்தக் கேமும் ஒன்றில்லை. காசைக் கேட்டு, முடிவே இல்லாமல் போகும் கேமைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். டார்க்வுட் ஒரு நாள் முடிந்துவிடும்.

ராத்தாவுடைய ஒரு முறைப்பாடு மட்டும் நூறு வீதம் சரி. இரவு இரண்டு மணி. அதில் நான் மருமகன் பக்கம் நிற்கவில்லை. பகலில் விளையாடு என்றேன். "பகல்ல விளையாடினா அது கேமே இல்ல மாமா, வெளிச்சத்துல ஸ்க்ரீன் கூடத் தெரியாது" என்றான். அதிலும் உண்மை இருக்கிறது, திரை அவ்வளவு இருட்டு. கடைசியில் இஷாவுக்குப் பிறகு தொடங்கி பதினொன்றுக்கு மூடுவது என்று பேசி முடித்தோம். முதல் கிழமை இரண்டு நாள் மீறினான். பிறகு சரியாகிவிட்டது என்று அவன் சொல்கிறான். ராத்தா இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

போன கிழமை இன்டர்நெட்டில் கேம் விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். மருமகன் கணிதம் சொல்லிக் கொடுத்த காசைக் கொண்டு வந்து மேசையில் வைத்தான். கட்டாரில் இருக்கும் என் கூட்டாளி ஒருவனின் கார்ட்டில் கட்டி வாங்கினோம். ஏற்கெனவே முடித்த கேமை ஏன்டா வாங்குகிறாய் என்று கேட்டேன். "அவங்க கேட்டிருந்தாங்களே மாமா" என்றான்.

லெப்டொப் இப்போது ராத்தா வீட்டில்தான் இருக்கிறது. அவட அறைக்குள் கேட்கக் கூடாது என்பதற்காக நான் ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுத்தேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன். "சத்தமாவது கேட்டா அவன் என்ன செய்யிறான்டு தெரியும், இப்ப அதுவுமில்ல" என்கிறா.